மெய்க்காவலரைக் கண்ட மெச்னிகாவ்

நரை, திரை, மூப்பு, சாக்காடு என்னும் நான்கும் மனிதனோடு உடன்பிறந்தவை என்று நம் முன்னோர் கூறிப் போந்தனர். அவற்றை எண்ணி வருந்தியவர் பலர். வெறுத்துத் துறவு பூண்டவர் சிலர். மறந்து காலங்கழித்தவர் எண்ணிறந்தோர். ஆயினும், மூப்பு என்பது யாது, அஃது உடலினுள் எவ்வழியே புகுகின்றது, எந்த அணு எவ்வாறு மாறுவதனால் விளைகின்றது என்று ஆராய்ச்சிச் சாலையில் அமர்ந்து வினவியவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அறிஞர் இலியா மெச்னிகாவ். நோய்க்கிருமிகளினின்றும் உடலைக் காக்கும் அணுக்களை உலகுக்குக் காட்டியவர் அவர். அக்காவல் அணுக்கள் முதுமையில் என்ன ஆகின்றன என்ற வினாவை எழுப்பியவரும் அவரே.

இதனை எழுதுபவன் இரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. மருத்துவம் கற்றவன் அல்லன். எனினும் நம் சங்கத்து அன்பர் பலருடைய இல்லங்களில் ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள முதிய பெற்றோர் இருக்கின்றனர். அவர்களை நாள்தோறும் காணும் நமக்கு இவ்வறிஞரின் வரலாறு பயன்படும் என்னும் துணிவினால் எழுதலுற்றேன்.

இளமையும் துயரமும்

மெச்னிகாவ் 1845ஆம் ஆண்டு மே மாதம், அந்நாள் ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த உக்ரேன் நாட்டில், கார்க்கோவ் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மன்னரின் மெய்க்காப்புப் படையில் பணியாற்றிய அதிகாரி. அன்னையார் யூத மரபில் வந்தவர். ஐந்து மக்களுள் இவரே கடைக்குட்டி. சிறு வயதிலேயே செடி கொடிகளிலும் பூச்சி புழுக்களிலும் இவர் மனம் தோய்ந்தது. கார்க்கோவ் பல்கலைக் கழகத்தில் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்து, பத்தொன்பதாம் வயதில் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்று, கடல்வாழ் சிற்றுயிர்கள் கருவில் வளரும் முறையை ஆராய்ந்தார். இருபத்தைந்தாம் வயதில், 1870இல், ஒடெஸ்ஸா நகரத்துப் பல்கலைக் கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார்.

அறிவு விரைந்து வளர்ந்தது. வாழ்வோ இன்னல் நிறைந்ததாயிற்று. 1869இல் அவர் மணந்த லுத்மீலா என்னும் மங்கை மார்புநோயால் மெலிந்திருந்தாள். திருமணத்தன்று நடக்கவும் இயலாமல், நாற்காலியில் அமர்த்தித்தான் அவளைத் தேவாலயத்தினுள் கொண்டு சென்றனர். அவளைக் காப்பதற்கு மெச்னிகாவ் இரவும் பகலும் உழைத்தார். வெயில் காயும் நாடுகளுக்கு அழைத்துச் சென்றார். யாதொரு பயனுமின்றி 1873இல் மதெய்ரா தீவில் காசநோய்க்கு அவள் இரையானாள். அவருக்கோ கண்பார்வையும் மங்கியிருந்தது. வாழ்வில் வெறுப்புற்ற அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று, நல்வினைப் பயனாய்ப் பிழைத்தார். 1875இல் ஓல்கா என்னும் இளநங்கையை மணந்தார். 1880இல் அவளும் கடுமையான டைபாய்டு சுரத்தில் வீழ்ந்து அரிதில் உயிர் பிழைத்தாள். மறு ஆண்டு, மனஞ்சோர்ந்த நிலையில், மீள்சுரத்தால் பீடிக்கப்பட்ட ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலிலே செலுத்திக்கொண்டார். இறந்தாலும் தம் இறப்பு விஞ்ஞானத்திற்கு உதவட்டும் என்பது அவர் கருத்து. சாவின் வாயில்வரை சென்று அவர் மீண்டார்.

அந்த 1881ஆம் ஆண்டிலேயே அவருடைய தமையனார் இவான் இலியிச்சும் இளவயதில் காலமானார். டால்ஸ்டாய் எழுதிய இவான் இலியிச்சின் மரணம் என்னும் புகழ்பெற்ற கதைக்கு இத்தமையனாரின் இறுதி நாட்களே வித்தாயின என்பர். இங்ஙனம் நோயும் மரணமும் வீட்டுக்குள்ளேயே வந்து நின்று மெச்னிகாவை நெருக்கின. பிற்காலத்தில் அவர் நோயையும் மூப்பையும் ஆராயப் புகுந்ததற்கு இவ்வனுபவங்களே அடிப்படை எனலாம்.

ரோஜா முள்

1881இல் ருஷ்ய மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்ட பின்னர் பல்கலைக் கழகங்களில் அடக்குமுறை மிகுந்தது. அதனைப் பொறாத மெச்னிகாவ் 1882இல் பதவியைத் துறந்து, மனைவியுடனும் அவளுடைய இளைய உடன்பிறந்தாருடனும் இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகருக்குச் சென்று தங்கினார்.

அங்கே ஒருநாள் வீட்டிலுள்ளோர் யாவரும் குரங்குகள் வித்தை காட்டும் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட்டனர். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்பின் முன் அமர்ந்திருந்தார். நட்சத்திர மீனின் இளங்குஞ்சு கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடலுடையது. அதனுள் சில அணுக்கள் தாமே நகர்ந்து திரிவதை அவர் கண்டார். அவை இரைதேடும் அணுக்கள் மட்டுந்தாமா? உடலுக்குள் பகை புகுந்தால் எதிர்த்து நிற்கும் காவலருமாக இருக்கலாகாதா? இவ்வெண்ணம் மின்னலெனத் தோன்றியதும் அவரால் இருக்கை கொள்ள இயலவில்லை. தோட்டத்திற்கு ஓடினார், ரோஜாச் செடியின் முட்கள் சிலவற்றைக் கிள்ளிவந்து அக்குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் விடியலில் நோக்கியபோது, நகரும் அணுக்கள் திரண்டு வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன!

நம் விரலில் சிலாம்பு தைத்தால் அவ்விடம் சீழ் கட்டுகின்றதன்றோ? அச்சீழில் இருப்பவை பெரும்பாலும் போரிட்டு மடிந்த வெள்ளணுக்களே. இவ்வணுக்கள் கிருமிகளை உடலெங்கும் பரப்புகின்றன என்று அந்நாள் மருத்துவர் பலர் ஐயுற்றிருந்தனர். அவை கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் காவலர் என்று மெச்னிகாவ் நிலைநாட்டினார். வியன்னா நகரத்துப் பேராசிரியர் கிளாஸ் என்பார் உதவியால் அவற்றிற்குக் கிரேக்க மொழியில் உண்ணும் அணு என்று பொருள்படும் பேகோசைட் என்னும் பெயர் கிடைத்தது. நாம் விழுங்கணு எனலாம். 1884இல் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரிடத்தே இதனை அவர் மேலும் தெளிவாகக் காட்டினார். ஊசிபோன்ற காளான் வித்துக்களை விழுங்கணுக்கள் தின்றுவிட்டால் தெள்ளு பிழைத்தது. வித்துக்கள் முந்திப் பெருகிவிட்டால் மாண்டது.

பாரிஸ் வாழ்வு

1886இல் ஒடெஸ்ஸாவில் வெறிநாய்க்கடி ஊசி போடுவதற்கென ஒரு நிலையம் தோன்றியது. அதற்கு அவர் தலைவரானார். அவர் மருத்துவப் பட்டம் பெறாதவர் என்பதனால் உள்ளூர் மருத்துவர்கள் எதிர்த்தனர். ஆடுகளுக்குப் போட்ட அடைப்பான் நோய்த் தடுப்பூசி தவறாக முடிந்து ஏராளமான ஆடுகள் மாண்டன. மனம் நொந்த அவர் 1888இல் பாரிஸ் நகரம் சென்று லூயி பாஸ்டரைக் கண்டார். அம்முதியவர் தம் புதிய நிலையத்தில் அவருக்கு ஓர் ஆராய்ச்சிச் சாலையை மகிழ்வுடன் அளித்தார். அங்கேயே இருபத்தெட்டு ஆண்டுகள், தம் இறுதி மூச்சு வரை, அவர் உழைத்தார்.

ஒடெஸ்ஸாவில் அவரிடம் பயின்ற மாணவர் வால்டமர் ஹாப்கின் என்பவரும் ஆசிரியரைப் பின்பற்றிப் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். இந்த ஹாப்கினே 1893இல் இந்தியாவுக்கு வந்து காலராத் தடுப்பூசியைப் பரப்பியவர். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் தலைவிரித்தாடியபோது அதற்கும் ஊசி கண்டு, 1897 ஜனவரியில் அதனை முதலில் தம் உடம்பிலேயே போட்டுச் சோதித்தவரும் அவரே. மும்பையில் பரேல் வழியே செல்லும் அன்பர்கள் ஹாப்கின் நிலையம் என்ற பெயரைக் கண்டிருப்பார்கள். மெச்னிகாவின் வகுப்பறையில் ஏற்றிய விளக்கின் ஒளி அதுவரை வந்திருக்கின்றது என்பதை அவர்கள் நினைவில் வைத்தல் தகும்.

பாரிஸில் மெச்னிகாவுக்கு அறிவுப் போர் காத்திருந்தது. நோயை வெல்வது இரத்தத்தின் நீரே, அணுக்கள் அல்ல என்று ஜெர்மானிய அறிஞர் வாதித்தனர். 1890இல் பேரிங் என்பார் நச்சுமுறியைக் காட்டினார். 1894இல் பைபர் என்பார் விழுங்கணுக்களின் துணையின்றியே காலராக் கிருமிகள் கரைவதைக் காட்டினார். மெச்னிகாவ் சளைக்கவில்லை. ஒவ்வோர் எதிர்ப்புக்கும் ஒரு புதுச் சோதனையால் விடையளித்தார். இறுதியில் 1908இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு, விழுங்கணுக்களைக் கண்ட மெச்னிகாவுக்கும் இரத்த நீரின் ஆற்றலை விளக்கிய எர்லிக்குக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. இருவர் கூறியதும் மெய்யே, இருவகைக் காவலும் ஒன்றுக்கொன்று துணை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மூப்பைப் பற்றிய வினா

ஐம்பது வயதைக் கடந்த பின் மெச்னிகாவின் நோக்கம் முதுமையின்பால் திரும்பியது. 1903இல் மனித இயல்பைப் பற்றி அவர் எழுதிய நூலில், மூப்பை ஆராயும் கல்விக்கு ஜெரான்டாலஜி என்னும் பெயரை வழங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அது. 1907இல் நீண்ட வாழ்வைப் பற்றி மற்றொரு நூலை வெளியிட்டார். இளமையில் சாவைத் தேடிச் சென்றவர், முதுமை நெருங்கியபோது வாழ்வின்மேல் நம்பிக்கையூட்டும் நூல்களை எழுதினார் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

அவர் கூறிய விளக்கம் இது: இளமையில் விழுங்கணுக்கள் பகையை மட்டுமே தின்னும். வயது ஏற ஏற, மூளையணு முதலிய உயர்ந்த அணுக்கள் நலிவுறுகின்றன. அவ்வேளையில் பெரிய விழுங்கணுக்கள் தம் கடமையை மறந்து, நலிந்த நல்லணுக்களையே தின்னத் தலைப்படுகின்றன. மயிரின் நிறமியைத் தின்பதனால் நரையும், நரம்பணுக்களைத் தின்பதனால் மறதியும் தோன்றுகின்றன. காவலரே கள்வராகும் நிலைதான் மூப்பு.

நல்லணுக்கள் நலிவதற்குக் காரணம் யாது? பெருங்குடலில் வாழும் அழுகற் கிருமிகள் உண்டாக்கும் நஞ்சே என்று அவர் துணிந்தார். பெருங்குடல் மிகச் சிறுத்த கிளி முதலிய பறவைகள் நெடுநாள் வாழ்வதைச் சான்றாகக் காட்டினார். பால் புளித்தால் கெடாதிருப்பது போல், புளிப்பை உண்டாக்கும் நல்ல கிருமிகள் குடலில் குடியேறினால் அழுகல் நிற்கும் என்று கருதினார். பல்கேரிய நாட்டு உழவர் புளித்த பால் உண்டு நீண்டகாலம் வாழ்வதாகக் கேள்வியுற்றுத் தாமும் நாள்தோறும் அதனை உண்டார். அவர் சொற்பொழிவைக் கேட்ட ஐரோப்பிய மக்கள் புளித்த பாலைத் தேடி அலைந்தனர். வழிவழியாகத் தயிரும் மோரும் உண்டுவரும் நம்மவர்க்கு இச்செய்தி நகை விளைக்கலாம்.

1909இல் அவர் ருஷ்யா சென்று, தம்மினும் மூத்தவரான டால்ஸ்டாயை அவருடைய இல்லத்தில் கண்டு அளவளாவினார். ஒருவர் மரணத்தைக் கதையில் எழுதியவர். மற்றவர் அதனை அணுவில் தேடியவர்.

1914இல் மூண்ட முதல் உலகப் போர் அவரை மிகவும் வாட்டியது. இளம் ஆராய்ச்சியாளர் யாவரும் போர்முனைக்குச் சென்றனர். ஆராய்ச்சிச் சாலை வெறிச்சோடியது. அவருடைய இதயமும் தளர்ந்தது. நோய்ப்படுக்கையிலும் தம் உடல் தளரும் முறையைத் தாமே கவனித்துக் குறித்து வந்தார். தாம் இறந்த பின் உடலை, குறிப்பாகக் குடலை, நன்கு ஆராய்ந்து பார்க்கவேண்டும் என்று உடன் பணியாற்றிய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். 1916 ஜூலை 15ஆம் நாள், எழுபத்தோராம் வயதில், பாஸ்டர் நிலையத்திலேயே உயிர்நீத்தார். அவருடைய சாம்பல் அந்நிலையத்து நூலகத்தில் ஒரு கலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. அவர் வரலாற்றை ஓல்கா அம்மையார் பின்னர் நூலாக எழுதி வெளியிட்டார்.

அவர் சொன்னதில் மெய் எவ்வளவு?

புளித்த பாலால் ஆயுள் நீளும் என்பது இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. நரைக்குக் காரணம் விழுங்கணுக்கள் அல்ல. நிறமியை ஆக்கும் அணுக்களுக்கு வித்தாகிய அணுக்கள் குன்றிப் போவதே என்று பின்னர் விளங்கிற்று. இவற்றில் மெச்னிகாவ் பிழைபட்டார். ஆனால் முதுமையில் காவல் அணுக்கள் மாறுகின்றன, அம்மாற்றம் உடலுக்குத் தீங்காகின்றது என்னும் அவருடைய அடிப்படைக் கருத்து பொய்க்கவில்லை. அதனை மூன்று வகையாக இன்று விளக்குகின்றனர்.

முதலாவது, புதிய காவலர் வருகை குன்றுகின்றது. மார்பெலும்பின் பின்னே தைமஸ் என்றோர் உறுப்பு உண்டு. அதன் பயனை 1961இல் ஜாக் மில்லர் என்னும் அறிஞர் எலிகளிடத்தே ஆராய்ந்து விளக்கினார். டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களுக்கு அதுவே பயிற்சிப் பள்ளி. தன்னுடலைத் தாக்காதே, அயலாரை மட்டும் தாக்கு என்னும் பாடத்தை அவை அங்கேதான் கற்கின்றன. இப்பள்ளி இளமைப் பருவம் முதலே சுருங்கத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கொழுப்பாக மாறிவிடுகின்றது. எனவே புதிய பகையை அறிந்து எதிர்க்கவல்ல புது அணுக்கள் முதுமையில் அருகிவிடுகின்றன. இரயில்வே ஊழியனாகிய எனக்கு இது எளிதில் விளங்குகின்றது. ஆளெடுப்பு நின்றுபோன பணிமனையில் பழைய கைகள் மட்டுமே எஞ்சியிருக்கும். தாம் பழகிய எஞ்சினை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டும் பிரித்துப் பூட்டுவர். புதுவகை எஞ்சின் வந்து நின்றாலோ திகைப்பர். முதியவர் உடலிலும் பழைய நோய்களை நினைவில் வைத்துள்ள அணுக்கள் மிகுதி. புதியதை எதிர்கொள்வன குறைவு. 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது அதற்கு முதியோரே பெரிதும் இரையானதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, இருக்கும் காவலர் வழி தப்புகின்றனர். இளமையில் வெள்ளணு கிருமி இருக்கும் இடத்தை நோக்கி நேரே ஓடும். முதுமையில் அது வளைந்து வளைந்து செல்லும். சேர வேண்டிய இடத்திற்குக் காலந்தாழ்த்துச் சேரும். போகும் வழியிலுள்ள நல்ல சதையையும் சிதைக்கும். மடிந்த அணுக்களை அப்புறப்படுத்தும் துப்புரவுப் பணியிலும் விழுங்கணுக்கள் தளர்கின்றன.

மூன்றாவது, ஓயாத சிறு கலவரம். பகை இல்லாதபோதும் காவல் அணுக்கள் சில அமைதியடைவதில்லை. அழற்சியை மூட்டும் பொருள்களைச் சிறுகச் சிறுகக் கசியவிட்டுக்கொண்டே இருக்கின்றன. நீறு பூத்த நெருப்புப் போன்ற இந்நிலைக்கு 2000ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கி என்பார் மூப்பழற்சி எனப் பொருள்படும் ஒரு பெயரிட்டார். இதய நோய், நீரிழிவு, மறதி நோய் முதலியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டென்பர். மூளையில் உறையும் விழுங்கணுக்கள் நரம்புகளின் இணைப்புக்களைத் தின்னும் காட்சியையும் எலிகளிடத்தே கண்டிருக்கின்றனர். காவலரே கள்வராவர் என்று நூறாண்டுக்கு முன் மெச்னிகாவ் கூறியதை முற்றிலும் வெறுங்கற்பனை என்று தள்ள எவராலும் இயலாது.

நாம் கொள்ள வேண்டுவன

இவ்வரலாற்றினின்றும் நம்மனோர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் முதியவர் ஒருவர் இரண்டு நாள் சோர்ந்து கிடந்தால், வயதாயிற்று, அப்படித்தான் இருக்கும் என்று கூறி அமைதி அடைகின்றோம். அவ்வமைதி பிழையானது. காவல் அணுக்கள் தளர்ந்த உடலில் நோய் புகுந்தாலும் காய்ச்சல் நன்றாகக் காயாமற் போகலாம்; ஏனெனில், காய்ச்சலை எழுப்புவதும் அக்காவலரின் வேலையே. இளைஞனுக்கு நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டால் உடல் அனலாய்க் கொதிக்கும். முதியவருக்கோ உணவில் வெறுப்பு, திடீரென்று பேச்சில் தடுமாற்றம், நடக்கையில் வீழ்தல் என்பனவே அறிகுறிகளாகத் தோன்றலாம். வெப்பமானியில் பாதரசம் ஏறவில்லை, எண் கூடவில்லை என்பதனால் நோயில்லை என்று கொள்ளற்க. உடனே மருத்துவரிடம் காட்டுக.

தடுப்பூசி குழந்தைகளுக்கே உரியது என்னும் எண்ணத்தையும் நாம் விடுதல் வேண்டும். முதியோர் உடல் ஊசிக்கு மந்தமாகவே விடையளிக்கும் என்பது மெய்தான். அதனை அறிந்தே, இன்புளுயென்சா நோய்க்கு வழக்கமான அளவினும் நான்கு மடங்கு மருந்துப்பொருள் கொண்ட தடுப்பூசி முதியோர்க்கென ஆக்கப்பட்டது. நிமோனியா, அக்கி முதலியவற்றிற்கும் தடுப்பூசிகள் உள்ளன. எவை எவர்க்கு ஏற்றவை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் நன்று.

மெச்னிகாவ் மூப்பை ஒழிக்கவில்லை. தம் உடலில் அதனைத் தள்ளிப் போடவும் அவரால் இயலவில்லை. மூப்பை விதியென்று விட்டுவிடாமல், காரணம் தேடத்தக்க நிலை என்று கருதி ஆராய்ந்தார். அவர் பெருமை அதுவே. முதல் மனைவியைக் காக்க முடியாத துயரத்தில் வாழ்வை வெறுத்த அவர், நம் ஒவ்வொருவர் உடலிலும் ஓயாது விழித்திருக்கும் காவலரை உலகுக்குக் காட்டிச் சென்றார். அக்காவலர் தளரும் வயதில், அவர்களுடைய காவலில் ஒரு பங்கு வீட்டிலுள்ள இளையோரைச் சார்கின்றது. ஊரையும் உறவையும் விட்டு நம்மை நம்பி வந்து தங்கியுள்ள முதியோர்க்கு நாம் ஆற்றும் அக்காவலே அவ்வறிஞர்க்குச் செலுத்தும் நன்றியாகும்.